அலுவலக அறிவு அனைவர்க்கும் உரியது

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னை முதலில் பணித்தார். கல்வியின் சிறப்பை இங்கே கூடியிருப்போர்க்கு எடுத்துரைக்க வேண்டிய தேவை இல்லை. 25 ஆண்டுகளாக வாரந்தோறும் ஒரு பிடி அரிசியும், மாதந்தோறும் ஒரு சிறு தொகையும் ஒதுக்கி, நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திய மக்கள் நீங்கள். ஆகவே வேறொரு பொருளைப் பற்றிப் பேச அனுமதி வேண்டினேன். அவரும் இசைந்தார்.

நான் பேச விரும்பும் பொருள் இதுதான். ஓர் அரசுத் துறைக்குள் அறிவு எங்கே இருக்கிறது? அது எவ்வாறு காக்கப்படுகிறது? எவ்வாறு தொலைகிறது? அதைப் பகிர்ந்து கொள்வதில் நம் கடமை யாது? இது எழுத்தர்களும் கண்காணிப்பாளர்களும் பேச வேண்டிய பொருள் அல்லவா, இந்த மேடைக்கு என்ன தொடர்பு என்று நீங்கள் எண்ணலாம். தொடர்பு உண்டு. இச்சங்கத்தின் மாலை வகுப்பில் படித்தவர்களுள் பலர் இன்று அரசுப் பணியில் இருக்கின்றனர். அவர்களுடைய மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுள் பலரும் நம் மக்களே. மேசையின் இரு பக்கமும் நாம் இருக்கும் காலம் இது. எனவே இப்பொருள் நம்முடையது.

அறிவின் மூவகை

ஓர் அலுவலகத்தில் உள்ள அறிவை மூன்றாகப் பிரித்துக் காண்பது என் வழக்கம்.

முதலாவது, எழுதி வெளியிடப்பட்ட அறிவு. சட்டங்கள், விதிகள், அரசாணைகள், சுற்றறிக்கைகள் ஆகியன இவ்வகை. இரண்டாவது, கோப்புகளில் உறங்கும் அறிவு. இதே போன்ற ஒரு விண்ணப்பம் 10 ஆண்டுகளுக்கு முன் வந்தபோது என்ன முடிவு எடுக்கப்பட்டது, எந்தக் காரணத்தால் எடுக்கப்பட்டது என்பது கோப்பைப் பிரித்தால் தெரியும். மூன்றாவது, பழகிய கையின் அறிவு. இது எந்த நூலிலும் இராது. எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் கருவூலத்திலிருந்து பட்டியல் திரும்பி வரும், சாதிச் சான்றிதழில் உள்ள தலைப்பெழுத்தும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள தலைப்பெழுத்தும் மாறுபட்டால் உதவித்தொகை எங்கே தடைபடும், எந்த மாதத்தில் எந்த அறிக்கை கேட்கப்படும் என்பன போன்ற செய்திகள் இவ்வகை.

முதல்வகை அறிவைப் பணம் கொடுத்து நூலாக வாங்கலாம். இரண்டாம் வகையைப் பதிவறையில் தேடி எடுக்கலாம். மூன்றாம் வகை அறிவு ஒரு மனிதரின் மூளையில் இருக்கிறது. அவர் மாறுதலில் சென்றால் அதுவும் செல்கிறது. அவர் ஓய்வு பெற்றால் மாலையும் சால்வையும் அணிவித்து அவரோடு அதையும் வீட்டுக்கு அனுப்பி வைத்துவிடுகிறோம்.

முன்னோர் வகுத்த முறை

இந்த இழப்பை முன்னைய நிருவாகிகள் அறியாதவர்கள் அல்லர். அறிந்தே அதற்குரிய கருவிகளை அமைத்தனர். அலுவலக நடைமுறை நூலைப் படித்தவர்கள் இவற்றை அறிவர்.

ஒவ்வொரு பிரிவு எழுத்தரும் தன் பதிவேடு ஒன்றைப் பேண வேண்டும். தம்மிடம் வந்த ஒவ்வொரு தாளும் எந்த நாளில் வந்தது, யாரிடமிருந்து வந்தது, என்ன பொருள் பற்றியது, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை அதில் எழுத வேண்டும். மேலலுவலர் குறித்த காலத்தில் அதைப் பார்வையிட்டு ஒப்பமிட வேண்டும். எழுத்தர் நாளையே மாறுதலில் சென்றாலும், அடுத்து வருபவர் அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் எந்தத் தாள் எங்கே நிற்கிறது என்பதை அறிந்துகொள்வார்.

அடுத்தது இருப்புக் கோப்பு. ஒரு பொருள் பற்றிய அரசாணைகளையும் சுற்றறிக்கைகளையும் கால வரிசையில் ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது இருப்புக் கோப்பு. கல்வி உதவித்தொகைக்கு ஒன்று, விடுப்பு விதிகளுக்கு ஒன்று, கட்டடப் பராமரிப்புக்கு ஒன்று எனத் தனித்தனியே இருக்கும். மூன்றாவது, காலமுறை அறிக்கைப் பதிவேடு. எந்த நாளில் எந்த அறிக்கையை அனுப்ப வேண்டும் என்பதை அது முன்கூட்டியே நினைவூட்டும்.

முடிந்த கோப்புகளுக்கும் ஒழுங்கு உண்டு. ஓராண்டு வைத்திருக்க வேண்டியது ஓ.மு., மூன்றாண்டு வைத்திருக்க வேண்டியது மூ.மு., பத்தாண்டு வைத்திருக்க வேண்டியது ப.மு., என்றென்றும் காக்க வேண்டியது நி.மு. என்று முடிவின்போதே வகை குறிக்கப்படுகிறது. ஒரு கோப்பை எந்த வகையில் முடிப்பது என்பது சிறு செயலாகத் தோன்றும். ஆனால் நிலையாகக் காக்க வேண்டிய ஒன்றை ஓராண்டில் அழிக்கத்தக்கது என்று குறித்துவிட்டால், ஒரு குடும்பத்தின் உரிமைக்கான சான்றே அழிந்துவிடக்கூடும்.

இவையெல்லாம் தூசு படிந்த பழைய முறைகள் என்று இன்றைய இளைஞர் சிலர் நகைக்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. ஒரு மனிதரின் நினைவை ஓர் அலுவலகத்தின் நினைவாக மாற்றும் வழிகள் இவை. குறை முறையில் இல்லை. அதைக் கைவிட்டதில்தான் இருக்கிறது.

அறிவு ஏன் ஒளிக்கப்படுகிறது?

அறிவு தொலைவதற்கு ஒரு காரணம் சோம்பல். மற்றொரு காரணம் அச்சம். தனக்குத் தெரிந்ததைப் பிறர்க்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் தன் மதிப்புப் போய்விடும் என்னும் அச்சம் அது. "அவரைக் கேட்டால்தான் தெரியும்" என்று நாலு பேர் சொல்லும்போது ஒருவருக்கு உண்டாகும் பெருமிதம் சிறிதன்று. சிலர் அந்தப் பெருமிதத்தைக் காசாக்கவும் செய்வர். படிவம் எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்வதற்கே கையூட்டு வாங்குவோர் இருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதனால் மிகுதியும் துன்புறுவோர் யார்? வீட்டில் முதன்முதலாக அரசுப் பணிக்கு வந்தவர்களே. தந்தையோ தாய்மாமனோ அலுவலகத்தில் இருந்த குடும்பங்களில், சோறு உண்ணும்போதே விடுப்பு விதியும் பணி மூப்பும் பிள்ளைகளின் காதில் விழுந்துவிடும். நம் வீடுகளில் அந்தப் பேச்சு இல்லை. என் தந்தையார் களத்துமேட்டில் கூலி வேலை செய்தவர். நெல்லின் ஈரத்தைக் கடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். பணிப்பதிவேடு என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் வாழ்வில் நடந்ததைச் சொல்கிறேன். 1990களின் நடுவில் பட்டதாரி ஆசிரியராகப் பணியில் சேர்ந்தேன். சேர்ந்த மறு ஆண்டே அஞ்சல் வழியில் முதுகலை படிக்கத் தொடங்கினேன். இரவில் படித்து முதலாண்டுத் தேர்வும் எழுதிவிட்டேன். பணியில் இருப்பவர் உயர்கல்வி பயிலத் துறையின் முன் அனுமதி பெற வேண்டும் என்ற செய்தி எனக்குத் தெரியாது. உடன் பணியாற்றியோர் அறிந்திருந்தனர். நான் புத்தகமும் கையுமாக இருந்ததையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தனர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேர்ச்சி பெற்றபின் அதைப் பணிப்பதிவேட்டில் ஏற்றக் கேட்டபோதுதான், "முன் அனுமதி எங்கே?" என்ற கேள்வி வந்தது. மனம் வெறுத்துப் படிப்பை அத்துடன் விட்டுவிட்டேன். விட்டது என் தவறு. இன்றும் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எட். என்று மட்டுமே இருக்கக் காரணம் இதுவே. அந்தச் சுற்றறிக்கை அலுவலகத்தில் என் நாற்காலிக்கு 10 அடி தூரத்தில் இருந்த அலமாரியில் இருந்தது.

இதைச் சொல்லி இரக்கம் தேட நான் இங்கே வரவில்லை. ஏனெனில் பின்னாளில் நானே அதைவிடப் பெரிய பிழையைச் செய்தேன். அதையும் சொல்லியாக வேண்டும்.

என் பிழை

2014ஆம் ஆண்டில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்றிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவர்க்கான மைய அரசுத் திட்டமாகிய தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு பற்றி உங்களில் பலர் அறிவீர்கள். அத்திட்டம் 2008ஆம் ஆண்டில் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழை மாணவர் அதில் தேர்வு பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 4 ஆண்டுகளுக்கு உதவித்தொகை கிடைக்கும். அந்நாளில் அது மாதம் 500 ரூபாய். 2017 முதல் மாதம் 1,000 ரூபாய். எட்டாம் வகுப்பில் மட்டுமே அத்தேர்வை எழுத முடியும். தவறவிட்டால் மறு ஆண்டு எழுதலாம் என்பதற்கில்லை.

எங்கள் பள்ளியில் இருந்த இளநிலை உதவியாளர் பல்லாண்டு அனுபவம் உடையவர். மார்கழி நெருங்கினால் அந்தத் தேர்வின் நினைவு அவருக்குத் தானே வந்துவிடும். அவர் அவ்வாண்டின் இடையில் மாறுதலில் சென்றார். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் நாற்காலி, மேசை, அலமாரி, சாவிகள் எல்லாம் இருந்தன. நானும் எண்ணிப் பார்த்து ஒப்பமிட்டேன். அவர் அறிவில் இருந்தவற்றுக்குப் பட்டியல் கேட்க எனக்குத் தோன்றவில்லை. காலமுறைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேனா? அதுவும் இல்லை. சுற்றறிக்கை வந்தது. வரவுப் பதிவேட்டிலும் ஏறியது. புதிதாக வந்த இளைஞர் அதன் அவசரம் அறியாமல் மற்றத் தாள்களுடன் சேர்த்து வைத்தார். நான் கட்டட வேலையில் மூழ்கியிருந்தேன். விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிட்டது.

8 மாணவர்கள் அத்தேர்வை எழுத முடியாமற் போயிற்று. அவர்களுள் வகுப்பில் முதலாவதாக வரும் மாணவி ஒருத்தி. அவளுடைய தந்தையார் செங்கல் சூளையில் வேலை செய்பவர். அவர் என்னைத் தேடி வந்தார். கோபப்படவில்லை. "ஐயா, நம்ம ஆள் ஒருத்தர் பெரிய வாத்தியாரா வந்துட்டாரு, இனிமே நமக்கு எல்லாம் தெரிஞ்சிடும்னு ஊரெல்லாம் சொன்னேனே ஐயா" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் என்ன இருந்தது?

அந்தப் பெண் பின்னர் நன்றாகவே படித்தாள். அது அவளுடைய திறமை. அதைக் காட்டி என் பிழையை மறைக்க நான் விரும்பவில்லை. தேர்வு பெற்றிருந்தால் 4 ஆண்டுகளுக்கு அந்த உதவித்தொகை அந்த வீட்டுக்கு வந்திருக்கும். சூளை முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை அடைக்கவாவது அது உதவியிருக்கும்.

அன்று முதல் ஒரு தடித்த குறிப்பேட்டை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மாதத்திற்கும் இரண்டு பக்கம் ஒதுக்கினேன். அந்த மாதத்தில் எந்தச் சுற்றறிக்கை வரும், எந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும், எந்தச் சான்றிதழ்கள் தேவை, யார் ஒப்பமிட வேண்டும், சென்ற ஆண்டு எந்தக் குறையால் திரும்பி வந்தது என்றெல்லாம் எழுதினேன். ஆசிரியர் அறையில் அதன் படியைத் தொங்கவிட்டேன். எழுத்தர்க்குத் தெரிந்தது ஆசிரியர்க்கும், ஆசிரியர்க்குத் தெரிந்தது அலுவலக உதவியாளர்க்கும் தெரியலாயிற்று. அடுத்த ஆண்டில் அந்தத் தேர்வை முதலில் நினைவூட்டியவர் எங்கள் பள்ளியின் இரவுக் காவலர்!

நான் மாறுதலில் வந்தபோது அந்தக் குறிப்பேட்டை அங்கேயே விட்டு வந்தேன். அதன் பிறகு வந்தவர் அதைத் தொடர்ந்து எழுதினார். ஆனால் அதற்கடுத்து நான் பணியாற்றிய பள்ளியில் விட்டு வந்த குறிப்பேடு, கட்டுப் பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடந்ததைப் பின்னர் அறிந்தேன். எழுதி வைத்தால் மட்டும் போதாது, அடுத்தவரை அருகில் அமர்த்தி ஒரு நாளாவது விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதை அப்போது கற்றுக்கொண்டேன்.

ஆணை இருந்தது, செய்தி எட்டவில்லை

இளைஞர்களே, நம் வரலாற்றை இந்தக் கண்கொண்டு ஒருமுறை பாருங்கள்.

செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்கீர் என்பவர், அங்கு வாழ்ந்த பறையர் மக்களின் நிலை குறித்து 1891ஆம் ஆண்டில் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892இல் ஆணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. அந்நிலத்தை முதல் 10 ஆண்டுகளுக்கு எவர்க்கும் உரிமை மாற்றம் செய்யக் கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கே மாற்றலாம் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. அவற்றையே பஞ்சமி நிலங்கள் என்கிறோம். அந்த நிபந்தனை வருவாய்த் துறையின் ஆவணங்களில் இருந்தது. நிலத்தை உழுதவரின் வீட்டில் அந்த அறிவு இல்லை. ஆகவே கடனுக்கும் கல்யாணத்திற்கும் ஈடாக நிலங்கள் கை மாறின. 1994இல் அதே செங்கற்பட்டுப் பகுதியில் காரணை என்னும் ஊரில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராட்டம் எழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் நீத்தனர். அலமாரியில் இருந்த ஒரு நிபந்தனை அதற்குரியவர்களுக்கு எட்ட 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குக் கொடுத்த விலை உயிர்.

மற்றொன்று. 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்து நிறைவேற்றுவித்தார். பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கவும், பொது அலுவலகத்திற்குள் நுழையவும் எந்த வகுப்பினரையும் தடுக்கலாகாது என்பது அதன் கருத்து. அரசும் அதனை ஏற்று ஆணை வெளியிட்டது. ஆனால் அதன் பின்னரும் எத்தனை ஊர்களில் நம் பாட்டன்மார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தனர்! அலுவலக வாயிலுக்கு வெளியே நின்று விண்ணப்பத்தை நீட்டினர்! ஆணை அரசிதழில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. படிக்கத் தெரிந்தவர்க்குச் சொல்லும் மனம் இல்லை.

ஆதிக்கம் பல வகைப்படும். நிலம், பணம், தடி ஆகியன கண்ணுக்குத் தெரியும். செய்தியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஆதிக்கம் கண்ணுக்குத் தெரியாது. அதை உடைக்கவே நம் முன்னோடிகள் இதழ் நடத்தினர். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தொடங்கிய இதழும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழும் செய்தியை மக்களிடம் கொண்டு சேர்க்கும் பணியைச் செய்தன. எம்.சி.இராஜா அவர்கள் ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பதை ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் பெருமையோடு நினைக்கிறேன்.

சட்டம் தந்த கருவி

இன்று நமக்குச் சட்டத்தின் துணை உண்டு. தகவல் பெறும் உரிமைக்குத் தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் முழு நடைமுறைக்கு வந்தது. 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் அளிக்க வேண்டும் என்பது பலர்க்கும் தெரியும். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோர்க்கு அந்தக் கட்டணமும் இல்லை.

ஆனால் அச்சட்டத்தின் 4ஆவது பிரிவைப் பலர் படிப்பதில்லை. கேட்டால் கொடுப்பது என்பது பிற்பட்ட கடமை. கேட்பதற்கு முன்னரே ஒவ்வொரு அலுவலகமும் தன் ஆவணங்களை எளிதில் எடுக்கத்தக்க வகையில் வரிசைப்படுத்தி அட்டவணை இட்டு வைக்க வேண்டும். தன் பணிகள், அலுவலர்களின் அதிகாரங்கள், முடிவெடுக்கும் முறை, மானியத் திட்டங்கள், பயனாளிகள் முதலான 17 இனங்களில் செய்திகளைத் தானே வெளியிட வேண்டும் என்று அப்பிரிவு கட்டளையிடுகிறது. ஒரு துறை தன் அறிவை ஒழுங்காக வைத்திருந்தால்தான் அதைப் பிறர்க்கு வழங்க முடியும். வீட்டுக்குள்ளே விளக்கு இல்லாதவன் தெருவுக்கு எப்படி ஒளி தருவான்? ஆகவே அலுவலகத்துக்குள் அறிவைப் பகிர்வதும், மக்களுக்குத் தகவல் தருவதும் ஒரே கடமையின் இரு பகுதிகள் ஆகும்.

கணினி வந்துவிட்டதே, இனிக் கவலை ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் கல்வித் துறையில் மாணவர் விவரமெல்லாம் இன்று இணையத்தில் பதியப்படுகிறது. சுற்றறிக்கைகள் கைப்பேசிக்கே வாட்ஸ்அப் வழியாக வந்துவிடுகின்றன. நன்மைதான். ஆனால் நாளொன்றுக்கு 40 செய்திகள் வரும் குழுவில், காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வரும் ஒரு சுற்றறிக்கை, பழைய தாள் கட்டில் சிக்கிய சுற்றறிக்கையைப் போன்றதே. கைப்பேசி பழுதானால் அதுவும் போயிற்று. எந்த விவரத்தை எந்தப் பக்கத்தில் எவ்வாறு பதிய வேண்டும் என்பது ஒரே ஓர் ஆசிரியைக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவர் மகப்பேறு விடுப்பில் சென்றால் பள்ளியின் பணி நின்றுவிடும். கருவி மாறியிருக்கிறது. பழக்கம் மாறவில்லை. வந்த சுற்றறிக்கையை அன்றே அச்சிட்டோ, கணினியில் பொருள்வாரியாகச் சேமித்தோ வைப்பவரே அறிவைக் காப்பவர். இருப்புக் கோப்பின் வேலையை யாரேனும் செய்துதான் ஆக வேண்டும்.

பகிரக் கூடாதவையும் உண்டு

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அறிவைப் பகிர்க என்று சொன்னதும் எல்லாவற்றையும் எல்லார்க்கும் சொல்லிவிடலாம் என்று கொள்ளக் கூடாது. வினாத்தாள் மறைவானது. திறக்கப்படாத ஒப்பந்தப்புள்ளி மறைவானது. ஒருவரின் பணிப்பதிவேடும் மருத்துவச் சான்றும் மற்றவரின் வம்புப் பேச்சுக்கு உரியன அல்ல. விதியும் நடைமுறையும் அனைவர்க்கும் உரியன. தனிமனிதரின் செய்தி அவர்க்கே உரியது.

பகிரும் முறையிலும் பண்பு வேண்டும். நான் படித்த நாளில், உதவித்தொகை வந்தால் அலுவலகத்திலிருந்து ஒருவர் வகுப்புக்குள் வந்து, "அரிசனப் பிள்ளைகளெல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்பார். எழுந்து நிற்போம். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பணம் கிடைக்கும் என்ற மகிழ்ச்சியை அந்தப் பார்வை விழுங்கிவிடும். உதவித்தொகையே வேண்டாம் என்று எழுந்து நிற்காமல் இருந்த தோழன் ஒருவனும் உண்டு. தலைமை ஆசிரியரான பின் நான் செய்த முதல் மாற்றங்களுள் ஒன்று இது. எல்லாத் திட்டங்களையும் பற்றிய துண்டுத்தாளை எல்லா மாணவர்க்கும் கொடுப்பேன். உரியவர் அலுவலகத்தில் வந்து தனியே விண்ணப்பம் கொடுப்பார். செய்தி அனைவர்க்கும் பொதுவாயிற்று. சிறுமை எவர்க்கும் இல்லாமற் போயிற்று.

நாம் செய்ய வேண்டுவன

நிறைவாக, அரசுப் பணியில் இருக்கும் தம்பி தங்கையர்க்குச் சில சொற்கள்.

முதலாவது, விதியை நீங்களே படியுங்கள். "பெரியவர் சொன்னார்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். துறைத் தேர்வுகளைத் தேர்ச்சிக்காக மட்டும் எழுதாமல் தெளிவுக்காகவும் எழுதுங்கள். இரண்டாவது, உங்கள் இருக்கைக்கு உரிய இருப்புக் கோப்பையும் பதிவேடுகளையும் இன்றுள்ள நிலைக்குக் கொண்டு வாருங்கள். மூன்றாவது, கோப்பில் குறிப்பு எழுதும்போது முடிவை மட்டும் எழுதாமல் காரணத்தையும் எளிய தமிழில் எழுதுங்கள். தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மனுச் செய்தவர் படித்துப் புரிந்துகொள்ளாத தமிழ் ஆட்சித்தமிழ் ஆகாது. நான்காவது, மாறுதலில் செல்லும்போது சாவிகளோடு சேர்த்து நான்கு பக்கக் குறிப்பையும் ஒப்படையுங்கள். முடியாத பணிகள் எவை, வரவிருக்கும் நாட்கள் எவை, அடிக்கடி நேரும் பிழைகள் எவை என்பவை அதில் இருக்கட்டும்.

ஐந்தாவது, புதிதாகப் பணிக்கு வருபவரைப் பக்கத்தில் அமர்த்திச் சொல்லிக் கொடுங்கள். அவர் எந்த வகுப்பினர் என்று பார்க்காதீர்கள். நமக்குச் சொல்ல மறுத்தவர்கள் இருந்தார்கள் என்பதற்காக நாம் பிறர்க்குச் சொல்ல மறுப்போமானால், அவர்களுடைய பழக்கத்தையே நாமும் பின்பற்றியவர்கள் ஆவோம். உங்கள் மேசைக்கு முன் வந்து நிற்கும் எவரும், அவர் யாராயினும், "தெரியாது, நாளை வா" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பக் கூடாது.

நம் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். ஞாயிறுதோறும் காலையில் 2 மணி நேரம் இக்கட்டடத்தின் முன்னறையில் ஒரு மேசை போடுவோம். பணியில் இருப்போரும் ஓய்வு பெற்றோரும் முறை வைத்து அமர்வோம். 1944ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கி, இன்றைய திட்டங்கள் வரை எல்லாவற்றிற்கும் உரிய படிவமும் விளக்கமும் அங்கே கிடைக்கட்டும். அந்த மேசையில் மாதவாரிக் குறிப்பேடு ஒன்றும் இருக்கட்டும். ஓய்வு பெற்று வரும் ஒவ்வொருவரும் தம் துறையைப் பற்றி அதில் 10 பக்கம் எழுதித் தரட்டும். சங்கம் அவர்க்கு அணிவிக்கும் சால்வையைவிட அவர் சங்கத்திற்குத் தரும் அந்தப் பக்கங்கள் நெடுநாள் நிற்கும். முதற்பணியாக என் குறிப்பேட்டின் படியை இன்று செயலாளர் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். அதில் மார்கழி மாதத்திற்கான பக்கத்தின் மேல், 8 மாணவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறேன். படிப்பவர் அதைக் கடந்து செல்லாமல் இருப்பாராக.

செங்கல் சூளையிலிருந்து வந்து என் முன் நின்ற அந்தத் தந்தையார், நம்மவர் ஒருவர் பொறுப்புக்கு வந்தால் நமக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நான் ஒரு முறை பொய்யாக்கினேன். உங்களில் எவரும் அதைச் செய்யாதிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.